எதை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும்?

நம் ஊரில் வேர்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. மூலிகை விற்பவரைச் சொல்லவில்லை. நீங்கள் வாய் தவறி ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, லத்தீன் வேரை உங்கள் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போகவிடுவாரே, அவர். மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். அடையாறில் கொஞ்சம் அதிகம். கல்யாணப் பந்தியில் ரசம் ஆறினாலும், ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியோடு நின்றாலும் அவருக்கு வார்த்தைதான் முக்கியம். ஊசி காத்திருக்காதா என்ன?

அனந்தராமன் இந்த இனத்தில் அசல் சரக்கு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, சித்திரைக்குளத்தின் பக்கம் வீடு, மனைவி விசாலாக்ஷி, ஒரே பெண் ஹம்சினி. அவரால் பொறுக்க முடியாத வினைச்சொல் 'அட்ஜஸ்ட்'. தொண்ணூறுகளின் சென்னையில் அந்தச் சொல் காதில் விழாமல் வாழ்வது நடக்கிற காரியமா? பால் தண்ணீராக இருந்தால் அட்ஜஸ்ட். தண்ணீர் லாரி வராவிட்டால் அட்ஜஸ்ட். தி. நகர் ரெடிமேடில் கை நீளமாக இருந்தால் அதுவும் அட்ஜஸ்ட்.

“அது செயப்படுபொருள் குன்றா வினை. கடிகாரத்தை அட்ஜஸ்ட் பண்ணலாம், மூக்குக்கண்ணாடியைப் பண்ணலாம். வெறுமனே பண்ணுன்னா, எதை?” என்று எதிரே வந்தவரையெல்லாம் கேட்பார். ஒருமுறை சைதாப்பேட்டை பஸ்ஸில் கண்டக்டரையே கேட்டுவிட்டார்.

“உன்னத்தான் சார். அப்டியே உள்ள போய்க்கினே இரு,” என்றார் கண்டக்டர்.

ஹம்சினிக்குக் கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வருகிறார்கள் என்றதும் விசாலாக்ஷி புருஷனைத் தனியாக அழைத்து எச்சரித்தாள்.

“ஏன்னா, இன்னிக்கு இங்கிலீஷ் பக்கமே போகப்படாது. போன தடவை பையன் இன்ஜினியரிங் 'பாஸ்ட் அவுட்'னு அவா சொன்னதுக்கு, மயக்கம் போட்டு விழுந்தானான்னு கேட்டேள். அப்பறம் அவா இந்தத் தெருப் பக்கமே வரலை.”

தலையாட்டினார். சத்தியமாகவே வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்.

பையன் பரத்வாஜ் பாங்கில் ஆபீசர். பேசியதெல்லாம் அவனுடைய அம்மா விஜயலக்ஷ்மி. “எங்காத்துக்கு வர பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிண்டு போனாப் போறும்,” என்றாள்.

அனந்தராமன் ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

“நாங்க வேற எதுவும் எதிர்பார்க்கலை. அட்ஜஸ்ட் பண்ணினாப் போறும்.”

இன்னொரு பஜ்ஜி. விசாலாக்ஷி சமையலறை வாசலில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹம்சினியைப் பார்த்தா நன்னா அட்ஜஸ்ட் பண்ணுவான்னுதான் தோண்றது.”

தட்டில் பஜ்ஜி தீர்ந்துவிட்டது.

“எதை?” என்றார் அனந்தராமன்.

“எதைன்னா?” என்றாள் விஜயலக்ஷ்மி.

“அந்த வினைக்கு ஒரு செயப்படுபொருள் வேணும் மாமி. எதை அட்ஜஸ்ட் பண்ணணும்?”

இதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் மறைக்கவும் தெரியாத மனுஷி. “எனக்கு முட்டி வலி. ஆத்துல ஆள் வேணும், அதனால இவ வேலையை விட்டுடணும். பரத்வாஜுக்கு நாக்பூர் மாத்தலாயிடுத்து, மூணு வருஷம். அவன் அங்க மெஸ்ஸுல சாப்ட்டுப்பான். இவ எங்களோட அடையாறுலயே இருக்கட்டும்.”

நாக்பூர் விஷயத்தை அதுவரை யாருமே சொல்லவில்லை. விசாலாக்ஷி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். ஹம்சினி நிமிர்ந்து பரத்வாஜைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

அனந்தராமனுக்கோ வேறு கவலை. “அப்போ அது அட்ஜஸ்டே இல்லையே. லத்தீன்ல யுக்ஸ்டான்னா பக்கத்துலன்னு அர்த்தம். ஒண்ணைக் கொண்டுபோய் இன்னொண்ணு பக்கத்துல வைக்கறதுலேர்ந்துதான் அந்த வார்த்தையே வந்தது. நீங்க ஒருத்தரை நாக்பூர்லயும் ஒருத்தரை அடையாறுலயும்னா வைக்கறேள்.”

“வேலையை விடறதுன்னா நாக்பூர் போறதுக்கு விடலாம் மாமி,” என்றாள் ஹம்சினி. “முட்டி வலிக்கு விடறது எப்படி?”

பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய் முடிவைச் சொல்லி அனுப்புவது வழக்கம். இவர்கள் அடையாறுக்குப் போயும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று வசவு நிச்சயம் என்று அனந்தராமன் நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்தார். விசாலாக்ஷியிடமிருந்து சூடாக இரண்டாவது காப்பி வந்தது. ஹம்சினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, வேணும்னுட்டேதான் கேட்டேளா?”

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயிருப்பார்.

“செயப்படுபொருள் இல்லாம எப்படிம்மா விடறது,” என்றார் அனந்தராமன். ஹம்சினி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த வரன் வந்தபோது விசாலாக்ஷி அவரை ஹாலின் நடுவில், பெண் வீட்டு வக்கீல் மாதிரி உட்கார்த்தி வைத்தாள். “அவா என்ன சொன்னாலும், எதைன்னு கேளுங்கோ,” என்று காதில் ஓதினாள்.

போகட்டும், நீங்கள் சொல்லுங்கள். 'அட்ஜஸ்ட்' செயப்படுபொருள் இல்லாமலும் வருமே, அகராதியிலேயே போட்டிருக்கிறானே என்று இத்தனை நேரமும் உங்களுக்கு நாக்கு அரித்துக்கொண்டுதானே இருந்தது? வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், பஜ்ஜி கொஞ்சம் கூடுதலாகவே போடச் சொல்லுங்கள்.