கொரட்டூர் ஏரியில் பத்து வினாடி

கொரட்டூர்,
2ஆம் தேதி, காலை.

சிரஞ்சீவி கௌதமுக்கு அப்பா சுப்பராயன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், பிரஷர், சர்க்கரை மூவரும் சௌக்கியம். நியூசிலாந்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாங்காட்டுக் காமாட்சி பார்த்துக்கொள்வாள்.

முதலில் விஷயம். நான் ஏரியில் விழுந்து சாகப் போகவில்லை. நம் ஃபிளாட் சங்கச் செயலாளர் ஜமீலாம்மா உனக்குப் போன் பண்ணி அழுததும், நீ பதறிப்போய்ப் பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டதும் வீண். டிக்கெட்டை ரத்து செய். போனில் சொன்னால் "மறைக்காதீங்கப்பா" என்று நீயும் அழ ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் உன் தூண்டில் கிளப் வருஷா வருஷம் போடும் மீன்பிடிப் படக் காலண்டரால் வந்த வினை. "வீட்டாரும் படம் அனுப்பலாம், நீங்களும் அனுப்புங்கப்பா" என்று நீ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாய். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனிடம் அப்படியெல்லாம் பேச்சுவாக்கில் சொல்லக் கூடாது. மீனை ஏமாற்ற முள்ளில் இறகும் நூலும் சுற்றி நீங்கள் கட்டுவீர்களே பொய்ப்பூச்சி, அதில் ஆறு செய்தேன். இறகு கோழிக்கடை வடிவு கொடுத்தது, நூல் உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து. அவற்றைப் படம் எடுக்க, ஃபிரிட்ஜ் வந்த தெர்மாகோலை வெட்டிப் பெட்டி செய்து, பக்கவாட்டில் பட்டர் பேப்பர் ஒட்டி, வெளியே டேபிள் லைட்டை வைத்து, பழைய இன்ஸ்பெக்‌ஷன் பூதக்கண்ணாடியைச் செல்போன் கேமரா மேல் டேப் போட்டு ஒட்டினால் உங்கள் ஊர் விலையுயர்ந்த லென்ஸ் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். ஃபேன் போட்டால் பூச்சி பறக்கிறது, நிறுத்தினால் என் வியர்வை அதன் மேல் சொட்டுகிறது. நாலாவது நாள் ஒரு பல்லி பாய்ந்து ஒன்றைக் கவ்வியது. முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கியிருந்தேன், அதனால் துப்பிவிட்டு ஓடிவிட்டது. பல்லியே ஏமாந்ததால் அந்தப் பூச்சி பாஸ்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலைக்கு மேல் கயிறு வளைந்து பறக்க, நீ தூண்டில் வீசுவாயே, அந்த மாதிரி ஒரு படம் எடுக்க ஆசை வந்துவிட்டது. ஒட்டடைக் கொம்பில் மஞ்சள் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஏரிக்குப் போனேன். செருப்பு, வாட்ச், மூக்குக் கண்ணாடி, பர்ஸ் நாலையும் கரையில் வரிசையாக வைத்தேன், அது தொழிற்சாலைப் பழக்கம். போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தி டைமர் வைத்தால் கிடைப்பது பத்தே வினாடி. அதற்குள் தண்ணீரில் இறங்க வேண்டும், திரும்பி நின்று கயிற்றை வீச வேண்டும். பிறகு கரையேறி, கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்து, சரியில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். இப்படிப் பத்து தடவை.

இதைக் கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நீயே யோசித்துப் பார். கிழவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான், மனசு வராமல் திரும்புகிறான், போனைப் பார்க்கிறான், கண்ணைத் துடைக்கிறான், கொம்பை வைத்து ஆழம் பார்த்துக்கொண்டு மறுபடி இறங்குகிறான். பதினோராவது தடவை டீக்கடை எத்திராஜ் லுங்கியோடு பாய்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா நைனா, புள்ள போன் பண்லன்னு உயிர உட்றதா? ஏறி வா மேல!"

"விடுப்பா, நான் படம் எடுத்துக்கிட்டு இருக்கேன்!"

"செல்லு அங்க கீது, நீ இங்க கீற. யாராண்ட காது குத்துற?"

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. என்னை யார் எப்போது காவல் காப்பது என்று லிஃப்ட் பக்கத்தில் ஜமீலாம்மா முறைப்பட்டியல் ஒட்டிவிட்டார். காலையில் எத்திராஜ் டீயோடு வருகிறார், மதியம் ஜமீலாம்மா வந்து மாத்திரையை நான் விழுங்கும் வரை வாயையே பார்க்கிறார், சாயங்காலம் மூன்றாம் மாடி திருமுருகன் கேரம்போர்டோடு வந்து, வேண்டுமென்றே தோற்கிறான். ஒட்டடைக் கொம்பைக்கூட ஒளித்து வைத்துவிட்டார்கள், வீடெல்லாம் நூலாம்படை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நான் இரண்டாவது டம்ளர் கழுவியதில்லை. இப்போது தினமும் நாலு கழுவுகிறேன். கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது கௌதம், எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

போகட்டும். பதினோராவது படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எத்திராஜ் என்னைக் கட்டிப் பிடித்திருக்கிறார், எங்கள் தலைக்கு மேல் கயிறு அத்தனை அழகாக வளைந்து நிற்கிறது. காலண்டருக்கு அதையே கொடு.

ஆகவே, ஒரு போட்டோவுக்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, குளிர் தண்ணீரில் ரொம்ப நேரம் நிற்காதே. தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சுப்பராயன்

பி.கு.: இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். போய்ச் சேர மூன்று வாரமாவது ஆகும் என்று தபால் ஆபீசில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குள் நீ இங்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புத்தியெல்லாம் சொல்லிவிட்டு, ஊர் திரும்பியிருப்பாய். அங்கே போய் நிதானமாகப் படி. கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு.