ஒன்பது மணி ஐயா வீடு வீடாகப் போன சனிக்கிழமை

கல்முனையில் கடிகாரத்தை முழுதாக நம்பிய மனிதர் இதுவரை ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் ஒல்லாந்துக்காரர்.

தன் ஊரில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல், இங்குள்ள சின்னத் தேவாலயம் ஒன்றுக்குத் தானே கடிதம் போட்டு, "சிறுவர் ஞாயிறு வகுப்பை ஓராண்டு நடத்தித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்" என்று கேட்டு வந்துவிட்டார். வகுப்பு ஒன்பது மணிக்கு. அதனால் ஒன்பது மணி ஐயா. நான் மருதமுனையில் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். அவரை ஏற்றி இறக்குவது என் வேலை. புத்தகத்தில் தமிழ் படித்தவர் என்பதால் என்னைக் "காக்கா அவர்களே, தாங்கள் நலமா?" என்பார். எங்கள் பக்கம் அண்ணனைத்தான் காக்கா என்போம். அதோடு 'அவர்களே' சேர்த்துக் கேட்ட முதல் நாள், ஏதோ வழக்கில் மாட்டிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

முதல் ஞாயிறு. தேவாலயக் கேட்டில் அறிவித்தல் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போட்டிருந்தார். ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை இல்லை. மனிதர் மணியடித்தார். பிள்ளைகள் உட்கார வேண்டிய வெறும் வாங்குகளைப் பார்த்துக் கைகளை ஆட்டிப் பாடினார். கேள்வி கேட்டார். பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்தார். "மிக நன்று" என்றார். ஜன்னலால் பார்த்த எனக்கு, வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ, ஆஸ்பத்திரிக்கு எந்த வழியால் போனால் கிட்ட என்று யோசனை ஓடியது. அடுத்த ஞாயிறும் அதே வாங்குகள், அதே "மிக நன்று".

போதகர் பொறுமைசாலி. அவரே அன்று சொல்லிவிட்டார்: "ஐயா, வாற ஞாயிறும் பிள்ளையள் வராட்டி வகுப்ப நிப்பாட்டுவம். நீங்களும் ஏன் இந்த வெயிலுக்க கிடந்து கஷ்டப்படோணும்? ஊருக்குப் போங்க."

ஆட்டோவில் ஏறியவரின் முகம், ரயில் ஓட்டியவரின் முகமாக இல்லை. ரயிலைத் தவறவிட்டவரின் முகமாக இருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை.

"ஐயா, கேட்டுல ஒட்டினா ஆரு வருவா? ஊடு ஊடாப் போய் வாயால சொல்லணும்."

"அறிவித்தலில் நேரம், இடம் அனைத்தும் உள்ளனவே!"

"கலியாண அழைப்புக் காட்டுலயும்தான் எல்லாம் இருக்கு. ஆனா வாயால சொல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க. சொல்லப் போனா ஒரு ஊட்டையும் உட்டுடப்படாது. மறுகா அது பெரிய கோவமாப் போயிரும்."

குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்: 'ஒரு வீட்டையும் விடக்கூடாது.' எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடியப் புறப்பட்டோம். வீட்டுக்கு ஆறு நிமிடம் என்று திட்டம். முதல் வீட்டில் தண்ணீர் கொதிக்கவே ஆறு நிமிடம் போனது. தேநீர் குடிக்காமல் எழும்ப முடியுமா? மூன்றாம் வீட்டில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். ஏழாம் வீட்டில், "காக்கா அவர்களே, என் வயிற்றில் அலை அடிக்கிறது" என்றார்.

எனக்குப் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு நேரமானது. தேவாலயத்து ஆட்களின் வீடுகள் இன்னும் இரண்டுதான். அவரை அங்கே விட்டு, தொழுதுவிட்டு வந்தேன். ஆளைக் காணவில்லை. அந்த இரண்டு வீடும் முடிந்து, தெருவும் முடிந்து, மூலை திரும்பி எங்கள் முஸ்லிம் ஆட்களின் தெருவுக்குள் வரிசையாக நுழைந்திருக்கிறார். ஒரு ஹாஜியார் வீட்டு விறாந்தையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி," என்றார் ஹாஜியார். "உங்கட ஆள் எங்கட பேரப்புள்ளையளச் சேச்சுக்குக் கூப்புடுறாரு. என்ன விசயம்?"

பள்ளிவாசலில் விசாரணை, என் ஆட்டோவைச் சவாரிக்கு ஒருவரும் மறிக்காத நாட்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. "அல்லாஹ் மேல சத்தியமா ஹாஜியார், நான் இவர இங்கால கூட்டி வரல்ல!"

ஐயா எழுந்து நின்றார். "வருகை கட்டாயமில்லை. ஒரு வீட்டையும் விடக்கூடாது என்று எனக்குக் கற்பித்தவர் இவரே."

"ஓ, இவர்தானா!" ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

திரைக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்துவிட்டார். "எங்கட புள்ளையள் நாளைக்குக் குர்ஆன் ஓதப் போகணும், வர ஏலா. ஆனா ஊடு தேடி வந்து சொன்னவர வெறுங்கையோட அனுப்ப ஏலுமா?"

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு, ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது. வகுப்புப் பிள்ளைகளுக்காம். எந்தப் பிள்ளைகள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு, ஒன்பது மணி. வெறும் வாங்குகள். ஐயா மணியடித்தார், பாடினார். போதகர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒன்பதரையும் தாண்டியது. ஐயா கண்ணை மூடி முடிவு ஜெபத்துக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் தேவாலயத்து ஆட்களின் தெருவே திரண்டு வந்தது. எங்கள் பக்கத்து ஒன்பது மணி அதுதான். தாய்மார், பவுடர் பூசிய பிள்ளைகள், இடுப்பில் இருந்த கைக்குழந்தைகள் உட்பட. முன்னால் வந்த தாய் ஜெபம் கேட்டு முகம் வாடி நின்றாள்.

"என்ன காக்கா, முடிஞ்சுட்டா? பிள்ளையளத் திருப்பிக் கூட்டிப் போகட்டா?"

"இல்ல தங்கச்சி. இனித்தான் தொடங்கப் போறாரு," என்றேன். யோசிக்காமல் ஒரு பொய் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

ஐயா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, மேசையில் இருந்த மணியை எடுத்து இன்னொரு முறை அடித்தார்.

"வாருங்கள் பிள்ளைகளே. இனித்தான் தொடங்கப் போகிறோம்."

போதகர் கட்டிய கையை அவிழ்த்துப் பிள்ளைகளை உட்காரவைக்கத் தொடங்கினார். வகுப்பை நிறுத்தும் பேச்சு அதோடு முடிந்தது. நான் ஜன்னலடியில் நின்றேன். என் பொய்யை நின்ற இடத்திலேயே மெய்யாக்கித் தந்துவிட்டு, மனிதர் கைகளை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்களும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.