மோப்பம் அண்ணனும் இறுகிப்போன இஞ்சினும்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஓர் இஞ்சின் பொய் சொல்லித் தப்பிக்க வேண்டுமென்றால், முதலில் மோப்பம் அண்ணனுக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தும்மல் போட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எந்த வண்டி வந்தாலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், தீர்ப்பு சொல்வார். முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர் போன் செய்து, வண்டியை உதைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். "போன்ல சத்தம் மட்டுந்தானே வருது, வாசனை வரலையே! தள்ளிக்கிட்டு வாங்க" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர், திடீரென எழுந்து போய்விட்டார். என்ன குறையோ என்று பெண் வீட்டார் பதறிப் பின்னால் ஓடினார்கள். அதற்குள் மண்டபத்தில் மின்விசிறிகள் நின்றுவிட்டன. அண்ணன் கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டரைத் திறந்து வைத்திருந்தார். "பெட்ரோலை ரொம்பக் குடிக்குதுங்க. பாவம், யாரும் கவனிக்கல" என்றார். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ரசம் கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் குற்றவாளியாகப் போய் நின்றேன்.

என் மனைவியின் அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். சீக்கிரமே ஊரோடு வந்து விவசாயம் செய்யப்போகிறேன் என்று, போன விடுமுறையில் ஏ.டி.வி. எனப்படும் நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கி நிறுத்தியிருந்தார். வயல் பாதையில் நாற்றுக்கட்டும் உரமூட்டையும் ஏற்றிப் போகலாமாம். டூ ஸ்ட்ரோக் இஞ்சின். "பெட்ரோல் ஊத்துறப்பல்லாம் ஆயில் கலக்கணும் மாப்ள" என்று கிளம்பும்முன் மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

நடவு நாளன்று வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு ராஜாவைப்போலப் போனேன். பாதி வழியில் 'கிரீச்' என்று இஞ்சின் இறுகியது, சக்கரம் நின்றது, நான் மட்டும் நிற்கவில்லை. சேற்றில் தலை குத்திக் கிடந்த என்னைப் பார்த்து நடவுப் பெண்கள் கத்தினார்கள்: "சார், நடவுன்னா வேருதான் உள்ள போகணும், தலை போகக்கூடாது!"

அன்று மாலையே மச்சானின் போன். "பன்னெண்டு நாள்ல வர்றேன் மாப்ள. இனிமே திரும்பிப் போறதில்ல. வண்டி எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு" என்றேன்.

மறுநாள் மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய், "தானா நின்னுபோச்சுண்ணே" என்றேன். அண்ணன் பிளக்கை மோந்தார்.

"எண்ணெய் வாசமே இல்ல. இது தானா நிக்கல சார், நீங்க நிறுத்தியிருக்கீங்க."

"ஆமாண்ணே. தப்புதான்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க."

பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தும் நான், டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் முன்னால் ஓர் இஞ்சினிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பாதி உருகியிருந்தது. சிலிண்டரின் உட்சுவரில் பூனை பிராண்டிய மாதிரி கீறல்கள். புதுப் பிஸ்டனைச் சென்னைக்குச் சொல்லி வரவழைக்கலாமா என்று கேட்டேன். "அது வர்றதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிடும். நான் இருக்கேன்ல?" என்றார்.

எந்தக் காலத்து பைக்குகளுக்கோ வாங்கி வைத்த புதுப் பிஸ்டன்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இரண்டு நாள் ஒவ்வொன்றாக அளந்தார். கடைசியில் ஒன்று, உயரமும், பிஸ்டனைக் கோக்கும் 'பின்' என்ற ஊசியின் அளவும் சரியாக, குறுக்கே மட்டும் ஒரு மயிரிழை பெரிதாக அகப்பட்டது. "இதுக்குத் தக்கபடி சிலிண்டரைக் குடைஞ்சா கீறலும் போயிடும், பிஸ்டனும் உக்காந்துடும்!"

குடையத் தஞ்சாவூர் லேத் பட்டறைக்குப் போனோம். பஸ்ஸில் சிலிண்டரைத் துண்டில் சுற்றி மடியில் ஏந்தியிருந்தார். கண்டக்டர், "குழந்தைக்கு என்னங்க?" என்று கேட்டார். "ஆபரேஷன். நெஞ்சைக் குடையணும்" என்றார் அண்ணன். கண்டக்டர் மன்னார்குடி வரை எங்கள் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்ததும் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டார். "உடைச்சது நீங்க. பூட்டுறதும் நீங்கதான்." பிஸ்டன் தலையிலிருந்த அம்புக்குறியை நான் திருப்பி வைத்தபோது, "புகை போற பக்கம் பாக்கணும் சார்! முதுகைக் காட்டிக்கிட்டா விருந்தாளிய உக்கார வைப்பீங்க?" என்று என் கையில் ஒரு தட்டு தட்டினார். பின்னைப் பிடிக்கும் குட்டி வளையம் விரலிலிருந்து தெறித்துப் பறந்தது. பக்கத்து டீக்கடையே குனிந்து தேடியது. ஒருவரின் சட்டைப்பையில் கிடைத்தது.

பதினோராம் நாள் அண்ணன் வண்டியை உதைத்தார். சத்தமில்லை. மறுபடி உதைத்தார். இல்லை. அண்ணனின் முகத்தில் சந்தேகம் என்ற ஒன்றை அன்றுதான் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி மோந்தார். முகம் மலர்ந்தது.

"பெட்ரோல் குழாயை யாரு தொறப்பா, உங்க மச்சான் வந்தா?"

திறந்தேன். அடுத்த உதையில் இஞ்சின் பேசியது. நீலப் புகைக்குள் கண்ணை மூடி நின்றார், சாமி கும்பிடுகிறவரைப்போல.

புது பிஸ்டனை ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஓட்டிப் பழக்க வேண்டும். என்னை நம்பாமல் அவரே அன்றைக்கு ஊருக்கு வந்து, நான் ஓட்ட ஓட்டக் கூடவே சைக்கிள் மிதித்தார். வாத்துக்கூட்டம் எங்களை முந்திப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒருநாள் முன்னதாகவே மச்சான் காரில் வந்து இறங்கினார்.

"ஏன் மாப்ள இவ்ளோ மெதுவா? வண்டிக்கு என்ன?"

"சும்மா ஒரு சர்வீஸ்..." என்று இழுத்தேன்.

"இஞ்சின் விஷயத்துல பொய் பேசக்கூடாது சார்" என்று அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். "தம்பி, இவரு ஆயில் ஊத்தாம பிஸ்டனை உருக்கிட்டாரு. ஆனா ஒவ்வொரு நட்டும் இவரே முறுக்குனாரு. நான் பார்த்தேன். இனி இந்த வண்டி உங்களைக் கைவிடாது."

மச்சான் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "சாக்பீஸ் தவிர எதையும் தொடாத ஆளாச்சே நீங்க!" என்று சிரித்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "மெதுவாவே போங்க. எனக்கும் வயலை நல்லாப் பாக்கணும்."

அந்த வண்டி இன்றுவரை ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. இருந்தாலும் மாதம் ஒருமுறை, ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் ரயில்வே கேட் பக்கம் போய்விடுகிறேன். அண்ணன் வண்டியைப் பார்ப்பதேயில்லை. இரண்டு டீ சொல்லிவிட்டு, உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார்.