கொமாந்தானுக்கு அக்கி வந்த ஜூலை

சென்ற ஆண்டு ஜூலை இரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் விசில் ஒலிக்கவில்லை.

புதுச்சேரியில் கொமாந்தானைப் போல நோய்க்கு அஞ்சாத மனிதர் பிறந்ததில்லை. நோய்கள்தாம் தம்மைக் கண்டு அஞ்சுவதாக அவர் சொல்வார். நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுவதும் அதை நம்பியது. கொமாந்தான் என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பெரிய அதிகாரி. இவர் அந்தப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பட்டத்தை வழங்கியது தெரு. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருக் குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்குள் நின்றுவிடும். அதை அறிவிக்கும் பொறுப்பை எவரும் ஒப்படைக்காமலே ஏற்றுக்கொண்டு, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் விசில் ஊதி வந்தார். புயல் கரையைக் கடந்த காலையிலும் ஊதினார். ஊரடங்கில் முகக்கவசத்தில் ஒரு துளையிட்டு ஊதினார். அந்த ஓசையைச் சபிக்காத வீடு இல்லை. ஆனால் அன்று அது நின்றபோது ஒருவரும் விழிக்கவில்லை. ஏழரை மணிக்குக் காலிக் குடங்களுடன் தெருவே அவர் வாசலில் நின்று நியாயம் கேட்டது. சொந்தமாக ஓர் அலாரம் வைத்துக்கொள்ளலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

அவர் மனைவியை நாங்கள் மதாம் என்போம். மதாம் வெளியே வந்து, "அவருக்கு இடது பக்கம் எரியுதாம். மெத்தைதான் காரணம்னு சொல்றார்" என்றார்.

மறுநாள் மெத்தை தெருவுக்கு வந்தது. அவருடைய இடப்புற மார்பிலிருந்து முதுகு வரை அரைவட்டமாகக் கொப்புளங்கள் எழும்பிவிட்டன. மூட்டைப்பூச்சியே குற்றவாளி என்று கொமாந்தான் தீர்ப்பளித்துவிட்டார். மெத்தையை வெயிலில் கிடத்தி, பிரம்பால் அடித்து விசாரித்தார். அது புத்தம் புது மெத்தை. ஒரு பூச்சிகூட வாக்குமூலம் தரவில்லை.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "இது அக்கிங்க. எழுதினா போயிடும்" என்றார். வெள்ளிக்கிழமை வில்லியனூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்து, காவியைக் குழைத்து, கொமாந்தானின் மார்பில் ஒரு சிங்கம் வரைந்தார். கொமாந்தான் கண்ணாடியில் நெடுநேரம் ஆராய்ந்தார்.

"வாலைப் பின்னாடி கொண்டு போயிருக்கலாம்" என்றார். "பின்வாங்குற மாதிரி இருக்கு."

சிங்கம் அழகாகவே இருந்தது. வலி மட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். பிரான்சில் இருக்கும் அவர்களின் மகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, "பப்பா, அக்கிக்கு வக்சேன் இருக்கு. ஐம்பது வயசு தாண்டினவங்க போட்டுக்கணும். போடுங்க" என்று மன்றாடுவார். கொமாந்தானின் குரல் தெருமுனை வரை கேட்கும். "ழமே. ஆப்பிரிக்காவுக்கு ஏத்துறப்ப ஒரே காலையில ரெண்டு கையிலயும் குத்துனான். இன்னும் பேரே வைக்காத நோய்க்கெல்லாம் இந்த உடம்புல மருந்து இருக்குது." ழமே என்றால் ஒருபோதும் இல்லை என்று பொருள். பட்டாளத்தில் போட்ட ஊசி பென்ஷனைப் போன்றது, உயிருள்ளவரை தொடர்ந்து வரும் என்பது அவர் கணக்கு. மகள் சொன்ன ஊசியின் விலையை யாரோ விசாரித்து வந்தபோது எங்கள் தெரு ஒரே குரலில் அம்மாடி என்றது. அக்கியின் விலையை எவரும் விசாரிக்கவில்லை.

அந்த விலை திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிட்டது. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையின்றி வாசலுக்கு வராத மனிதர் எந்தத் துணியையும் தாங்க முடியாமல், மதாமின் பழைய பருத்தி நைட்டிக்குள் தஞ்சம் புகுந்தார். ஊதாப் பூக்கள் போட்ட நைட்டி. தலையில் பட்டாளத் தொப்பி. அந்தக் கோலத்திலும் வாசலைக் கடந்தவர்களின் சலாமை முறைப்படி ஏற்றுக்கொண்டார். ஆனால் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அவர் அழுததை மதாம் கேட்டிருக்கிறார். அதை என்னிடம் சொல்லி, "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கூட வர்றியாம்மா? நீ இருந்தா சத்தம் போட மாட்டார்" என்றார். நான் குறைவாகப் பேசுபவள். அதனால் என்னைத் துணைக்கு அழைப்பவர்கள் அதிகம்.

எங்கள் ஊர்க் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவர் சிங்கத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்காங்க. மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க?"

"இன்னும் இல்ல டாக்டர்" என்றார் மதாம்.

"கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள வந்திருந்தா நல்லா கேட்டிருக்கும். இப்பவும் தரேன். ஆனா வலி கொஞ்ச மாசம் கூட வரலாம். சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"ஏழு வயசுல" என்றார் கொமாந்தான்.

"அந்தக் கிருமிதான். அது போகவே இல்ல. நரம்புக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. வயசானதும் எழுந்துக்கும்."

கொமாந்தான் நிமிர்ந்தார். "இவ்ளோ வருஷமா என் உடம்புலயே இருந்தானா? எனக்குத் தெரியாமலா?" எதிரி எல்லையைத் தாண்டி வருவான் என்றுதான் அவருக்குக் கற்பித்திருந்தார்கள்.

"ஆறினப்புறம் உங்களுக்கும் ஊசி போடலாம், மறுபடி வராம இருக்க" என்ற மருத்துவர் மதாமின் பக்கம் திரும்பினார். "நீங்களும் போட்டுக்குங்கம்மா."

"நான் போட்டுட்டேன் டாக்டர்" என்றார் மதாம். "போன வருஷம் பொண்ணு வீட்டுக்குப் போனப்ப. ரெண்டு ஊசியும்."

"என்கிட்ட நீ சொல்லல" என்றார் கொமாந்தான்.

"நீங்க கேக்கல. நான் ஊருக்குத் திரும்பி வந்தப்ப தண்ணிக்கு விசில் ஊதிட்டு இருந்தீங்க."

வலி போக, வேறொரு கவலையும் கொமாந்தானுக்கு இருந்தது. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினான்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கங்களை அணிந்து, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு அணிவகுத்துச் செல்வார்கள். எங்கள் பகுதிக்காரர்களின் கொடியை ஏந்துபவர் கொமாந்தான். கொடிக்கம்பைத் தாங்கும் தோல் வார் தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கும்; அக்கியும் மிகச் சரியாக அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் ஏந்த முடியாவிட்டால் கொடி கப்பற்காரரிடம் போகும். அதைவிட அக்கியே தேவலை என்பது கொமாந்தானின் நிலைப்பாடு.

கப்பற்காரர் தெருவின் மறுகோடியில் இருப்பவர். பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றியவர். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே மிட்டாயைக் கடித்துத் தின்றவர்கள். கொடியை ஏந்த வேண்டியது தரைப்படையா கடற்படையா என்று மூண்ட சண்டைக்குப் பிறகு 'வாடா போடா' அறுந்துபோய், ஒருவரையொருவர் மரியாதையால் மட்டுமே தாக்கிக்கொண்டார்கள்.

"என்ன கொமாந்தான், புது யூனிஃபார்மா? பூ நல்லாருக்குதுங்க."

"உங்க கப்பல்ல குடுக்கலீங்களா? அதுக்கெல்லாம் சர்வீஸ் வேணுங்க."

பத்தாம் தேதி மாலை, நைட்டியின் மேல் அந்தத் தோல் வாரை மாட்டிப் பார்த்தார். மதாம் வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன், என் அளவில். "நீ பேசுறது முதல்ல உனக்குக் கேக்குதா, மத்மசேல்?" என்று, கல்யாணமாகாத பெண்களை அழைக்கும் பிரெஞ்சுச் சொல்லால் என்னைக் கேட்டபடி வாரை இறுக்கினார். அடுத்த கணம் கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. நெடுநேரம் கழித்து, "அந்தக் கப்பலைக் கூப்பிடு" என்றார்.

கப்பற்காரர் தம் வெற்றிக்கு உரிய வெள்ளைச் சட்டையில் வந்தார். வார் மேசைமேல் கிடந்தது.

"கொடி உங்களுக்குத்தாங்க" என்றார் கொமாந்தான். "ஒரு கண்டிஷன். அக்கிக்கு ஊசி போட்டுட்டு வரணும்."

"எனக்கு எதுக்குங்க? கடல் காத்துல காஞ்ச உடம்பு."

"என்னுது பாலைவனத்துல காஞ்சதுங்க."

கொமாந்தான் நைட்டியின் ஜிப்பை இறக்கினார். சிங்கம் கரைந்துபோயிருந்தது. அதன் அடியில் இருந்ததைக் கண்ட கப்பற்காரரின் முகத்திலிருந்து வெற்றி வடிந்தது.

"ரொம்ப வலிக்குதுங்களா?"

"சட்டை ஆவல. தூக்கம் ஆவல. மூச்சை இழுத்தா கத்தியால கீறுது." கம்பிக் கதவின் ஆணியில் தொங்கிய விசிலைக் காட்டினார். "அதை ஊத முடியல. தண்ணி வர்றது படுத்த எடத்துலயே கேக்குதுங்க. ஊத முடியல."

எனக்குத் தெரிந்து கொமாந்தான் முடியவில்லை என்று சொன்னது அந்த ஒருமுறைதான். கப்பற்காரர் வாரைத் தொடவில்லை. "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டார். மாலையில் தோள் வீங்கியது, ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல். தெருவின் மறுகோடியிலிருந்து அவருடைய முனகல் இங்கே எட்டியது. ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கொமாந்தானுக்கு அந்த முனகல் எந்த மாத்திரையைவிடவும் நன்றாக வேலை செய்தது. "அதுக்கே இவ்ளோவா?" என்று மதாமிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்தார்.

பதினான்காம் தேதி காலை கடற்கரைச் சாலையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கொமாந்தான் அமர்ந்திருந்தார். மதாம் இரவல் வாங்கி வந்த தொளதொளத்த ஜிப்பா; மார்பில் ஒரு பதக்கமும் இல்லை. மதாம் குடை பிடித்திருந்தார். பாண்டு முழங்க அணி வந்தது. முன்னால் கப்பற்காரர், மார்பின் குறுக்கே வார், கையில் கொடி. ஊசி போட்ட தோளை அசைக்காமல், கண்ணாடிச் சாமான் சுமப்பவரைப் போல நடந்து வந்தார். நாற்காலியை நெருங்கியதும், நேரே பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னார்:

"பாவி, கை வலிக்குதுடா."

கொமாந்தான் எழுந்து நின்றார். வலது கை தொப்பி வரை உயர்ந்தது.

"கொடி சாயுது" என்றார். "நிமுத்துடா."

கொடி நிமிர்ந்தது. அணி கடந்துபோன பின்பும் அவர் கையை இறக்கவில்லை. மதாம் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார்.

அன்று பிற்பகல் கப்பற்காரர் வாரைத் துடைத்து எண்ணெயிட்டுக் கொண்டுவந்து, விசில் தொங்கும் ஆணியிலேயே மாட்டினார். "அடுத்த வருஷம் நீதான். எனக்குத் தோள் போச்சு" என்றார். "உனக்கு ரெண்டாவது ஊசியும் இருக்குடா" என்றார் கொமாந்தான். "டாக்டர்கிட்ட கேட்டு வெச்சிட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சற்று முன் நான் தெருவைக் கடந்து கொமாந்தானின் வாசலுக்குப் போனேன். ஆணியிலிருந்து விசிலை எடுத்தேன். கிருமிகளைப் பற்றி இவ்வளவு கேட்ட பிறகு, சோப்புப் போட்டுக் கழுவாமல் அதை வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவினேன். பிறகு ஊதினேன். தேநீர்க் கெட்டில்கூட அதைவிடத் துணிவாகக் கூவும்.

மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேக்கல, மத்மசேல்."

மறுபடியும் ஊதினேன், நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் கூட்டி. கதவுகள் திறந்தன, குடங்கள் வெளியே வந்தன, எவரோ வழக்கம்போலச் சபித்தார். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"ம். தண்ணி வந்துடுச்சு" என்றார் கொமாந்தான். அவர் அடுத்துச் சொல்வதும் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, விசிலை வாயிலிருந்து எடுத்தேன்.