குண்டு விழுந்த இடத்தைக் கண்டவர்

'அப்பவே சொன்னேன்' ஆசாமிகளை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். இந்த இனத்தின் வாய் இரண்டே நேரங்களில்தான் மூடியிருக்கும்: தூங்கும்போதும், முடிவு தெரிவதற்கு முன்னாலும்.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமா? கரும்பு விவசாயி தெய்வசிகாமணியைப் பாருங்கள். ஆசிய ஜூனியர் தடகளப் போட்டியில் ஊர்ப் பெண் யாமினி நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து நின்றதை, உரக்கடையில் பதினோரு பேர் ஒரே செல்போனில் எட்டிப் பார்த்தார்கள். முதல் எறி ஃபவுல்.

"கால் வெளிய போவுதுபா. அப்பவே சொன்னேன்" என்றார் தெய்வசிகாமணி.

இரண்டாவதும் ஃபவுல். அதையும் அப்பவே சொல்லியிருந்தார். மூன்றாவது எறி சரியாக விழுந்து முதல் எட்டுப் பேருக்குள் யாமினி வந்தாள். அதையும்தான். ஆறாவது எறியில் பதினான்கு மீட்டர் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர், வெண்கலம். கடையில் கூச்சல் அடங்குவதற்குள் அவர் பேனர்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

"'திறமையை முதலில் கண்டறிந்தவர்'னு எம் பேரு பெருசா போடு. யாமினி படமா? ஓரமா ஒண்ணு வையி."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் பாராட்டு விழா. மேடையில் ஐந்து நாற்காலிகள். ஐந்தாவது அவருக்கு என்று பேச்சு. முப்பத்தோரு வருஷமாக எந்த மேடையிலும் உட்காரக் கிடைக்காத மனுஷர், கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் பாதி உட்கார்ந்திருந்தார். அப்போது யாமினியின் அம்மா மஞ்சுளா மைக்கைப் பிடித்தாள்.

"இன்னாண்ணே, எம் பொண்ணை நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே?"

"பின்ன? அப்பவே சொன்னேனே!"

"ஆமா, சொன்னீங்க. கொம்யூன் ஆபீசுல." மஞ்சுளா பையிலிருந்து ஒரு மனுவின் நகலை எடுத்து வாசித்தாள். 2022 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை. "ஆணையர் அவர்களுக்கு. யாமினி என்ற சிறுமி எறியும் இரும்புக் குண்டு என் கரும்பு வரப்பில் விழுந்து பள்ளம் பறிக்கிறது. பள்ளி மைதானத்து எறி வட்டத்திலிருந்து பள்ளம்வரை டேப் வைத்து அளந்ததில் பத்து மீட்டர் எண்பத்தைந்து சென்டிமீட்டர். உடனே தடை செய்யவும். இப்படிக்கு, தெய்வசிகாமணி."

மைதானமே சிரித்தது. யாராக இருந்தாலும் இறங்கிப் போயிருப்பார்கள். இவரா? நாற்காலியின் கையை விடவே இல்லை.

"எம்மா, அந்தத் தேதிக்கு முன்னாடி உம் பொண்ணு எறிஞ்சதை யாராச்சும் டேப்பு வச்சி அளந்திருக்காங்களா?"

மஞ்சுளா யோசித்தாள். "இல்லண்ணே. பி.டி. மாஸ்டர்கூடக் காலடியிலதான் அளப்பாரு."

"அப்ப முதல்ல கண்டது யாரு?"

சிரிப்பு நின்றது. பதக்கத்தோடு நின்ற யாமினிதான் நாற்காலியை அவர் பக்கம் நன்றாக இழுத்துப் போட்டாள்.

"குந்துங்க பெரியப்பா. உங்க வரப்பைத் தாண்டிப் போடணும்னுதான் தினம் தினம் எறிஞ்சேன்."

தெய்வசிகாமணி முழுசாக உட்கார்ந்தார். "தாண்டும்னு அப்பவே சொன்னேன்."

சிரிக்கிறீர்கள். மனு என்று வந்ததுமே இவர் நாற்காலியை விடமாட்டார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்? பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லும் முன், எந்த வரியில் தெரிந்தது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். தேதியோடு.