கோழிக்கூட்டுக்கு அனுமதி வேண்டாம்

என் மனைவி விசாலாட்சியை எப்படியாவது தேற்றி, இந்தத் தீவை விட்டு அடுத்த கப்பலில் இரண்டு பேருமாக மெயின்லேண்டுக்கு மூட்டை கட்டிவிடுவது என்று இந்தத் தைப்பூசத்தன்று தீர்மானம் செய்தேன். சாதாரணத் தீர்மானம் இல்லை. முருகன் படத்துக்கு முன்னால் நின்று, மீசையைத் தடவிக்கொண்டு செய்த தீர்மானம். நான் முனிசிபாலிட்டியில் பில்டிங் இன்ஸ்பெக்டர். அனுமதி இல்லாத சுவர் எதுவாக இருந்தாலும் இந்த ஜம்புலிங்கம் இடித்துத் தள்ளிவிடுவான். பெண்டாட்டியின் துக்கத்தை இடிக்க மாட்டானா?

மாட்டான் என்று தெரிய எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

எங்கள் முத்துமணிக்கு நாலு வயது. முந்தின வருஷ மழையில் காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை என்பதால் எரிக்கவில்லை. ஊருக்கு வெளியே மேட்டில் புதைத்துவிட்டு வந்தோம். அதிலிருந்து எங்கள் ஹேடோ குவார்ட்டர்ஸ் தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்தால் போதும், விசாலம் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள். இந்த ஊரிலோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை.

"ஏங்க, அங்கே நனையுமில்ல?"

"ரசம் இன்னிக்கு பிரமாதம், விசாலம்."

"நனையும்."

எனக்கும் அது தெரியும். அதற்குமேல் அந்த ரசம் எனக்கு இறங்காது. ஆனால் ஆம்பிளை, அதுவும் இன்ஸ்பெக்டர், ரசத்தில் கண்ணீர் விட முடியுமா? பேச்சை மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு கட்டட விதி. சாப்பிடும்போதெல்லாம் அதையே பரிமாறினேன். அஸ்திவாரம், ஜன்னல், சாக்கடை, கழிவறைக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒன்றையும் விடவில்லை. வேறு எவளாக இருந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

விசாலம் ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"எதுக்கெல்லாம் பெர்மிஷன் வேணும்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து வேலை செய்கிறது!

"சுவர் இருந்தா வேணும். அஸ்திவாரம் இருந்தா வேணும். ஆள் நிமிர்ந்து நிக்கிற உயரம் இருந்தா வேணும்."

"இது ஒண்ணுமே இல்லேன்னா?"

"அது கட்டடமே இல்லைடி. கோழிக்கூடு! அதுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

"எங்கே வேணும்னாலும் வெச்சுக்கலாமா?"

"யாருக்கும் வழியை மறைக்காம இருந்தா சரி."

"வெச்சவங்க ஊரை விட்டுப் போயிட்டா?"

"அப்போ அது கேட்பாரில்லாத சொத்து. மறுநாளே நான் ஆளை விட்டுப் பிடுங்கிப் போட்டுடுவேன்."

மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"நாம ஒரு கூடு செய்யலாங்க," என்றாள் அப்புறம்.

கோழி வளர்க்கப் போகிறாள்! ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சாத்தம் மரமில்லிலிருந்து கழிவுப் பலகை நானே சுமந்து வந்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த பழைய தகரம் ஒன்றும் பிடித்தேன். பிளான் போட உட்கார்ந்தேன்.

"நீளம் எவ்வளவு?"

"நாலடி போதும்."

"எத்தனை கோழி?"

"ஒண்ணுதான்."

"ஒரு கோழிக்கு நாலடியா? மகாராணிக் கோழியா?"

"ஆமா. தாழ்வாரம் நல்லா இறங்கணும். இங்கே மழை சாய்ஞ்சில்ல அடிக்குது."

இறக்கினேன். கவர்னர் பங்களாவுக்குக்கூட அப்படியொரு தாழ்வாரம் இருக்காது. பலகையையும் தகரத்தையும் ராஜமாணிக்கம் ஆசாரி எடுத்துக்கொண்டு போனார். கூடு மட்டும் வீடு வந்து சேரவில்லை. கேட்டால், "ஆசாரி மெதுவா செய்வார், விடுங்க," என்பாள். விட்டேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மழை வந்தால்கூட ஜன்னலுக்கு அவ்வளவாகப் போவதில்லை. வெற்றி! கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

அந்த வாரமே பெரிய ஆபீசர் கூப்பிட்டார். "ஜம்புலிங்கம்ஜி, மேட்டு இடுகாட்டில் யாரோ கொட்டகை போட்டிருக்காங்களாம். தோட் தோ!" இடித்துத் தள்ளு என்றால் எனக்கு எந்த பாஷையிலும் புரியும். கடப்பாரையோடு ஆபீஸ் ஆள் குருநாதனைக் கூட்டிக்கொண்டு, ஜீப்பில் அமர்க்களமாகப் போய் இறங்கினேன். அந்த மேட்டில் நான் அதுவரை இரண்டாம் தடவை கால் வைத்ததில்லை. வைக்கத் தைரியம் இல்லை.

தூரத்திலேயே பச்சைத் தகரம் தெரிந்தது.

அதன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு விசாலம் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என் தாழ்வாரம், என் பலகை, என் நாலடி. அடியில் எங்கள் முத்துமணி. சுற்றிலும் மண் சொதசொதவென்று கிடக்க, அந்த நாலடி மட்டும் காய்ந்திருந்தது.

"வாங்க," என்றாள். "டேப் கொண்டுவந்தீங்களா? அளந்துக்குங்க. சுவர் இல்லை. அஸ்திவாரம் இல்லை. ஆள் நிக்க முடியாது. வழியை மறைக்கலை."

குருநாதன் கடப்பாரையை மாற்றிப் பிடித்தான். "சாப், தோட்னாவா, வேணாமா? பாரிஷ் வலுக்குது, நனையறோம்."

"இது கட்டடம் இல்லைடா," என்றேன். "கோழிக்கூடு. போய் ஜீப்பிலே உட்காரு."

அவன் போனதும் மண்டியிட்டு டேப்பை நீட்டினேன். அடியும் அங்குலமும் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியில் தண்ணீர். மழைத் தண்ணீர் என்று இங்கே எழுதிவிடலாம், அவள் நம்பமாட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் குரலில் பேசிப் பார்த்தேன்.

"சரி விசாலம். நல்லாத்தான் இருக்கு. பாப்பா இனி நனையாது. இனிமே நிம்மதியா ஊருக்குப் போகலாமில்ல? அடுத்த கப்பலுக்குச் சொல்லியிருக்கேன்."

அவள் புல்லிலிருந்து நிமிரவே இல்லை.

"எப்படிங்க போறது? வெச்சவங்க ஊரை விட்டுப் போயிட்டா மறுநாளே பிடுங்கிப் போட்டுடுவேன்னு சொன்னது நீங்கதானே?"

அது விதிதான். சொன்னது நான்தான். முருகன் படத்துக்கு முன்னால் தடவிய மீசையில்தான் இப்போது மண்.

டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேட்டுக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். நான் சுத்தியல் எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு மூலையில் லேசாக ஒழுகுகிறது, பிளான் போட்டவன் சரியில்லை என்று, ஊரையே மிரட்டும் பில்டிங் இன்ஸ்பெக்டருக்கு வாராவாரம் நோட்டீஸ் கொடுக்கிறாள் விசாலம்.