அனுமதி பெறாத அனல்

ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு போதும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. அந்த நாலு மாடிக் குடியிருப்பில் தையற்காரர் வீடு நீங்கலாக எல்லா வீட்டுக்கும் அசுர அடுப்பு வந்துவிட்டது. பற்றவைத்தால் விமானம் கிளம்புவதுபோல் இரையும். வறுத்த சோற்றில் கடையில் வருவதுபோல் புகைமணம் வரவேண்டும் என்பது அந்த வருஷத்து மோகம். மணம் வரவில்லை. இரண்டு வீட்டில் திரைச்சீலை கருகியது. சோறு களியாகவே இருந்தது.

தையற்காரர் மட்டும் பழைய அடுப்பில், இரும்புச் சட்டியில் வறுப்பார். மருத்துவமனை வேலை முடிந்து மதியம் ஒரு மணிக்குப் பசியோடு வரும் மனைவிக்காக. அந்த மணம் படியிறங்கி, தெருவைக் கடந்து, அனல் கண்காணிப்பு அலுவலகத்தின் மேலான கவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் பன்னிரண்டரைக்கு அனல் ஆய்வாளர் வந்து நின்றார். கையில் அடிக்கோல், அரக்கு, முத்திரை.

"உங்க அடுப்புல அளவுக்கு மீறி அனல் இருக்கறதா தெரியவருது. இருந்தா சீல் வைக்கணும்."

"வச்சா எப்ப சார் எடுப்பீங்க?"

"வைக்கறது நான். எடுக்கறது வேற அலுவலகம். ஆறு மாசம் ஆகலாம்."

வீட்டில் இருப்பதே அந்த ஓர் அடுப்பு. தையற்காரர் பற்றவைத்துக் காட்டினார். ஆய்வாளர் குனிந்து சுடரை அளந்தார். அளவுக்குள்தான் இருந்தது. அதுவே அவருக்குப் பெருஞ்சந்தேகம்.

"சுடர் சின்னது, மணம் பெருசு. நடுவுல என்ன பண்றீங்க?"

"ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, சட்டியில மெல்லிசா புகை வர்ற வரைக்கும் காயவிடுவேன். பக்கத்தை விட்டு நகர மாட்டேன். காயை ஈரம் போகத் துடைச்சுடுவேன், இல்லேன்னா எண்ணெய் மூஞ்சியில தெறிக்கும். அப்புறம் ஒரு ஆளுக்கு உள்ள சோத்தை மட்டும் போடுவேன். மொத்தமா கொட்டினா சட்டி ஆறிடும் சார்."

சொன்னபடியே செய்தும் காட்டினார். ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார்.

"பொறுமைக்குக் கட்டம் இல்லையே. கருவியின் பெயர்னு கேக்குது."

"கருவி எதுவும் இல்ல சார்."

"அப்ப இது மூலம் அறியப்படாத அனல். ரொம்ப ஆபத்து. எதிர்வீட்டுல திரைச்சீலை எரிஞ்சுது, நாங்க கவலைப்பட்டோமா? அது அனுமதி பெற்ற அனல்."

சான்றுப் பொருளை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. மனைவிக்கு எடுத்து வைத்த தட்டை ஆய்வாளர் கடைசிப் பருக்கை வரை பரிசீலித்தார். பிறகு மனம் இளகிவிட்டது.

"ஒரு வழி இருக்கு. நீங்களும் ஒரு அசுர அடுப்பு வாங்குங்க. அனல் அதுல இருந்து வருதுன்னு எழுதி, அதுக்கு சீல் வச்சுடறேன். அப்புறம் இதுல தாராளமா சமைங்க."

ஒரு மணிக்கு வந்த மனைவி வெறுந்தட்டைப் பார்த்தாள்.

"யாருங்க சாப்பிட்டது?"

"அரசாங்கம்."

"நல்லா இருந்துச்சாமா?"

"ஏப்பம் விட்டுச்சு."

மறுநாளே அசுர அடுப்பு வாங்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டு, அலமாரி மேல் அமர்ந்தது. மணம் முன்போலவே வந்தது. எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ரகசியம் என்னண்ணே?"

தையற்காரர் காயவிடுவதையும் துடைப்பதையும் கொஞ்சமாகப் போடுவதையும் விளக்கினார். எதிர்வீட்டுக்காரரின் கண் அலமாரி மேலிருந்த முத்திரையிலேயே இருந்தது.

"அதுக்கெல்லாம் யாருக்குண்ணே நேரம் இருக்கு? அந்த சீல் எங்க வச்சுத் தர்றாங்க?"

அடுத்த வாரம் அலுவலக வாசலில் ஆளுக்கொரு அசுர அடுப்பைச் சுமந்தபடி நீண்ட வரிசை. அதன் கடைசியில் தையற்காரரும் நின்றார். முந்தின நாள் அவசரத்தில் இரண்டு ஆள் சோற்றை ஒன்றாகக் கொட்டிவிட்டார். களியாகிவிட்டது.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே வச்சாச்சே?" என்றார் ஆய்வாளர்.

"வச்சீங்க சார். லேசா தளர்ந்துடுச்சோன்னு ஒரு சந்தேகம்."